தலைவலி இல்லையே, மாத்திரை எதுக்கு?

கியா பார்ம் பக்கம் போனால் நான் வழக்கமாக உட்கார்ந்து தேநீர் குடிக்கும் வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டு அக்கா இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். போன முறை போயிருந்தபோது, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மாத்திரைகள் பிரிக்காமலே கிடப்பதைப் பார்த்தேன். "என்னக்கா இது?" என்று கேட்டேன்.

"அதுவா தம்பி, பிரஷர் மாத்திரை. கிளினிக்ல குடுத்தாங்க. ஒரு மாசம் சாப்பிட்டேன். அப்புறம் தலைவலி கிலைவலி ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருந்துச்சு. நல்லா இருக்கிறவளுக்கு மாத்திரை எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

அதே லயத்தில் நாலு வீடு தள்ளி ஒருவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடக்கிறது. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. வயது இன்னும் அறுபது ஆகவில்லை. காலையில் பெரட்டுக்குக் கிளம்பிய மனிதர், சப்பாத்தை மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். அவருக்கும் முதல் நாள்வரை தலைவலி கிடையாது.

அக்கா கேட்ட கேள்வியை நம் தோட்டப்புறங்களில் ஆயிரம் பேர் கேட்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை. வலித்தால் மருந்து, வலிக்காவிட்டால் மருந்தில்லை என்றுதானே நம்மைப் பழக்கியிருக்கிறார்கள்! காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அந்தக் கணக்கு சரி. இரத்த அழுத்தத்துக்கு அது சரிப்படாது. வலியே இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே அரித்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. அதனால்தான் பக்கவாதம் ஏதோ வானத்திலிருந்து விழுந்த இடி மாதிரித் தெரிகிறது. "நல்லாத்தான் இருந்தாரு, திடீர்னு கைகால் இழுத்துக்கிச்சு" என்கிறோம். திடீரென்று வந்தது விளைவு மட்டும்தான். காரணம் பத்துப் பதினைந்து வருஷமாகவே வீட்டுக்குள் குடியிருந்திருக்கிறது.

நாட்டு நிலவரத்தைப் பார்ப்போம். சுகாதார அமைச்சு 2023ஆம் ஆண்டு நடத்திய தேசிய உடல்நல ஆய்வில், வயது வந்தோரில் 100க்கு 29 பேருக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. இனிப்பு நீர் 100க்கு 15, 16 பேருக்கு. கொழுப்பு மூன்றில் ஒருவருக்கு. இதில் நம்மவர்களின் கணக்கு தனி. 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி இந்நாட்டு இந்தியர்களில் 100க்கு 31 பேருக்கு இனிப்பு நீர். மற்ற இனத்தாரைவிட அதிகம். இப்படிப்பட்ட முதலிடம் நமக்கு வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்த நோய்கள் பக்கவாதத்தோடு எப்படிச் சேர்கின்றன என்பதைக் கனடாவிலிருந்து சலீம் யூசுப் என்ற கேரளத்துக்கார டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் இந்தியா உட்பட 32 நாடுகளில் ஆராய்ந்தார்கள். பக்கவாதம் வந்த 13,000 பேரையும், வராத 13,000 பேரையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து 2016இல் முடிவைச் சொன்னார்கள். பத்துக் காரணங்களைச் சேர்த்தால் பக்கவாதத்தில் 100க்கு 90 பங்கு அதற்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் பத்திலும் தலைமைக் கங்காணி இரத்த அழுத்தம்தான். ஏறக்குறைய பாதிப் பங்கு அதனுடையது. புகை, இனிப்பு நீர், கொழுப்பு, தொப்பை, குடி, சாப்பாடு, உடல் அசையாமை, மனக்கவலை, இருதயக் கோளாறு ஆகியவை அதன் பின்னால் வரிசை கட்டி நிற்கின்றன.

தலைவிதி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு, கை வைத்தால் மாற்றக்கூடிய காரியம் என்றுதானே இதற்கு அர்த்தம்?

யால்டாவில் உட்கார்ந்த மூவர்

இது ஏழைக்கு மட்டும் வரும் நோய் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1945ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜப்பான்காரன் இங்கே இருந்த காலத்தில், கருங்கடல் ஓரத்தில் யால்டா என்ற ஊரில் மூன்று பேர் உட்கார்ந்து யுத்தத்துக்குப் பிந்திய உலகத்தைப் பங்கு போட்டார்கள். அமெரிக்காவின் ரூஸ்வெல்ட், ரஷ்யாவின் ஸ்டாலின், பிரிட்டனின் சர்ச்சில். மூவரையும் கடைசியில் கொண்டுபோனது இந்த நோய்தான்.

ரூஸ்வெல்ட்டின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1944 மார்ச்சில் புரூன் என்ற இருதய டாக்டர் அவரைச் சோதித்தபோது இரத்த அழுத்தம் 186க்கு 108. இன்று அந்தக் கணக்கோடு எந்த கிளினிக்குக்குப் போனாலும் நர்ஸ் உட்கார வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடுவார். அன்றைக்கு என்ன செய்தார்கள்? உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள், தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அழுத்தத்தைத் தாங்கும் விதத்தில் இறக்கும் நல்ல மருந்து அன்றைக்கு உலகத்திலேயே கிடையாது. 1945 ஏப்ரல் 12ஆம் தேதி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அப்போது அழுத்தம் 300க்கு 190. வயது 63. உலகத்திலேயே பெரிய படையை வைத்திருந்த மனிதருக்கு ஒரு மாத்திரை இல்லை!

அந்த மாத்திரை 1958 வாக்கில்தான் கடைக்கு வந்தது. அதன் வம்சத்தில் வந்த மாத்திரைகளையும், அம்லோடிபின், பெரிண்டோபிரில் போன்றவற்றையும் இன்று நம் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குக் கொடுக்கிறார்கள். ஆம், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காததைத்தான் நம் அக்கா சாமி படத்துக்குப் பக்கத்தில் பிரிக்காமல் வைத்திருக்கிறார்.

இந்தக் கதையை அக்காவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அவருக்கு வேலைக்காரங்க இருந்தாங்க தம்பி, நேரத்துக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அழுத்தம் உள்ளே என்ன செய்கிறது? இங்கே காய்கறித் தோட்டங்களில் தண்ணீர் பாய்ச்சும் குழாயைப் பார்த்திருப்பீர்கள். பம்ப் வேகத்தை அளவுக்கு மேல் ஏற்றிவைத்தால் குழாய் அன்றைக்கே வெடித்துவிடாது. உள்சுவர் தடிக்கும், விறைக்கும், அங்கங்கே கீறும். கீறிய இடத்தில் அழுக்குப் படியும். ஒரு நாள் அழுக்குக் கட்டி பெயர்ந்து போய்ச் சின்னக் குழாயை அடைக்கும், இல்லையென்றால் பலவீனமான இடத்தில் பீறிட்டுக்கொண்டு வெளியே வரும். மூளையில் இரத்தக் குழாய் அடைத்தாலும் பக்கவாதம், வெடித்தாலும் பக்கவாதம். அடைப்புதான் அதிகம், வெடிப்பதுதான் கொடூரம். நம் பெரியவர்கள் இதைப் பாரிச வாயு என்பார்கள். வாயுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காத்து கருப்பும் அடிக்கவில்லை.

மேல் கணக்கு 140, கீழ்க் கணக்கு 90. இரண்டில் ஒன்று அதைத் தொட்டு, வேறு வேறு நாளில் பார்த்தும் இறங்கவில்லை என்றால் அது இரத்த அழுத்தம். மேல் கணக்கில் 10 இறங்கினாலே பக்கவாதம் வரும் வாய்ப்பு நாலில் ஒரு பங்கு குறைகிறது. இது பல நாட்டு மருந்து ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட உண்மை.

"உழைக்கிறவனுக்குப் பிரஷர் வருமா?"

ஆண்கள் கேட்கும் கேள்வி இது. "ஆபிஸ்ல குந்திக்கிட்டு இருக்கிறவனுக்கு வரும். நாள் முழுக்க மலையில ஏறி இறங்குறவனுக்கு எப்படிங்க வரும்?" வரும். உடல் உழைப்பு நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் காலையில் ஏறி இறங்கிச் சம்பாதித்த நன்மையைச் சாயங்காலம் கருவாடும் சம்சுவும் சிகரெட்டும் சேர்ந்து தின்றுவிடுகின்றனவே! போதாததற்குக் குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், அழுத்தம் சற்று ஏறும். நம் மலைக்குளிருக்கு நாம் பழகியிருக்கலாம், இரத்தக் குழாய் அதன் சுபாவத்தை விடுவதில்லை.

உப்புக் கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலேசியர்கள் சாப்பிடுவதோ சராசரியாக 8 கிராமுக்கு ஒட்டி. இது சட்டியில் போடும் உப்பு மட்டுமல்ல. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப் எல்லாம் சேர்த்து. அவசரத்துக்குப் போட்டுக் கொடுக்கும் பொட்டலத்து மீயில் அந்த மசாலாத் தூள் இருக்கிறதே, பல பொட்டலங்களில் அது ஒன்றே ஒரு நாள் உப்பில் பாதியைத் தாண்டிவிடும். நாட்டுக்கே கோபிசும் சாவியும் லோரி லோரியாக அனுப்புகிற மலை இது. அந்த மலையில் உள்ள வீட்டில் பிள்ளை தட்டைத் திறந்தால் சோறும் நெத்திலியும் மட்டும் இருப்பது என்ன நியாயம்? விலை விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நெத்திலி வாங்குகிற காசுக்கு இங்கே கீரை கிடைக்கும்.

உப்பைக் குறைத்தால் உண்மையிலேயே பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குச் சீனாவிலிருந்து ஒரு செய்தி. அங்கே 600 கிராமங்களில், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் அழுத்தம் உள்ள வயதானவர்களுமாக ஏறக்குறைய 21,000 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிக் கிராமங்களுக்குச் சாதா உப்பு, மீதிக் கிராமங்களுக்கு நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் கலந்த உப்பு. வேறொன்றும் மாற்றவில்லை. ஐந்து வருஷத்துக்குப் பிறகு பார்த்தால், உப்பு மாற்றிய கிராமங்களில் பக்கவாதம் 100க்கு 14 பங்கு குறைந்திருந்தது. 2021இல் வெளிவந்த முடிவு இது. ஆனால் கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த உப்பு ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள்.

புகையிலைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிகரெட் பிடிப்பவனுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. விட்டால் வருஷா வருஷம் ஆபத்து இறங்கும். வெற்றிலையோடு புகையிலை அதக்கும் பாட்டிமார் தங்களுக்கு இது பொருந்தாது என்று தேற்றிக்கொள்ள வேண்டாம். தேநீரைப் பற்றிப் பயப்படாதீர்கள், நாம் பறிக்கிற இலையில் குற்றமில்லை. அதில் ஊற்றுகிற டின் பாலும் போடுகிற சீனியும்தான் இனிப்பு நீர் உள்ள வீட்டில் வம்பு.

இனி, மாத்திரையை விடுவதற்கு நம்மவர்கள் சொல்லும் பெரிய காரணம்: "மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்." இதைக் கேட்காத லயம் இல்லை. நடப்பது நேர்மாறு. கிட்னியைக் கெடுப்பது அடங்காத அழுத்தமும் அடங்காத இனிப்பு நீரும். பிரஷர் மாத்திரை அந்தக் கிட்னியைக் காப்பாற்றத்தான் கொடுக்கப்படுகிறது. மாத்திரையை விட்டுவிட்டுப் பல வருஷம் கழித்து டயாலிசிஸ் வந்து நின்றால், பழி அந்த ஒரு மாதம் சாப்பிட்ட மாத்திரை மேல் விழுகிறது. மாத்திரையால் சிலருக்குச் சின்னத் தொந்தரவுகள் வருவது உண்மைதான். பெரிண்டோபிரில் சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை மாற்றித் தருவார். சொல்லாமல் பையைக் கட்டி வைத்துவிடுவதில்தான் கோளாறு.

இன்னொரு காரணம் நியாயமானது. கிளினிக்குக்குப் போனால் அரை நாள் சம்பளம் போகிறது. வைத்தியர்களும் அதிகாரிகளும் இதை லேசாக எண்ணுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இருந்தாலும் ஒன்று செய்யலாம். டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதிக்கு நேரில் போக வேண்டும். இடையில் மாத்திரை மட்டும் வாங்குவதற்கு வீட்டில் யாராவது அட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். தபாலில் அனுப்பும் ஏற்பாடும் அரசாங்கத்தில் இருக்கிறது. மருந்துக் கவுண்டரில் வாய் திறந்து கேட்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டி அரசாங்க உதவித் தொகை பெறுகிறவர்களுக்கு 2019 முதல் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. சொக்சோ சந்தாதாரர்களுக்கும் அப்படியொரு திட்டம் 2013இல் தொடங்கியது. இரண்டிலும் நம்மவர்கள் கடிதத்தை மடித்து வைப்பதோடு சரி.

இவ்வளவு பேசுவதற்கு ஒரு காரணம் நாம் இருக்கும் இடம். பக்கவாதம் அடைப்பினால் வந்திருந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது. முதல் அறிகுறி தெரிந்ததிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுத்து, அடைப்பா வெடிப்பா என்று பார்த்தாக வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் இந்த ஊசி போடுவதில்லை. தானா ராத்தா மருத்துவமனை கியா பார்மிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் ஈப்போவுக்குச் சிம்பாங் பூலாய் வழியாக மலைப்பாதை. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் மண் சரிகிறது. பள்ளி விடுமுறை, சனி ஞாயிறு என்றால் நம் கியா பார்ம் சந்தையிலேயே சுற்றுலாக் காடிகள் நகராமல் நிற்கின்றன. ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்களைக் குறை சொல்லவில்லை. அடைப்பு வந்த மூளையில் ஒரு நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது கணக்கு. நாலரை மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை வீட்டிலேயே தொலைத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

ஸ்டாலினுக்கு நடந்தது அதுதான். 1953 மார்ச்சில் தன் மாளிகை அறையில் விழுந்தவர் மணிக்கணக்காக அப்படியே கிடந்தார். கூப்பிடாமல் உள்ளே போகக் காவல்காரர்களுக்குப் பயம். நம் லயத்தில் பயம் இல்லை, வேறு பழக்கங்கள் இருக்கின்றன. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது, புறா இரத்தம் தேய்ப்பது, கைப்பேசியில் யாரோ அனுப்பியதைப் பார்த்து விரல் நுனியில் ஊசி குத்துவது, சுடு தேநீர் புகட்டுவது. இதில் எதுவும் வேண்டாம். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். வெடிப்பு என்றால் இரத்தத்தை இளக்கும் ஆஸ்பிரின் எமனாகிவிடும், ஆகவே அதையும் கொடுக்காதீர்கள்.

சிரிக்கச் சொல்லிப் பாருங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தானாக இறங்குகிறதா? பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், நாக்கு குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் 999. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் கங்காணியிடமோ கிராணியிடமோ சொல்லி எந்த வண்டி இருக்கிறதோ அதில் ஏற்றுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

பத்து நிமிஷம் கை மரத்து, வாய் குழறி, பிறகு தானாகச் சரியாகிவிட்டால்? "முருகன் காப்பாத்திட்டான்" என்று மறுநாள் கொழுந்துக்குப் போய்விடாதீர்கள். முருகன் எச்சரிக்கை கொடுத்திருக்கிறான். பெரிய பக்கவாதம் பலருக்கு அதற்கடுத்த சில நாட்களிலேயே வருகிறது. அன்றைக்கே போக வேண்டும்.

வந்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மக்கள் திலகம் எம்.ஜி.ஆர் நம் எல்லாருக்கும் தெரிந்தவர். 1967இல் துப்பாக்கிக் குண்டில் குரல் கெட்டவர், 1984 அக்டோபரில் கிட்னிக் கோளாறோடு பக்கவாதமும் வந்து படுத்தார். அமெரிக்காவில் புரூக்ளின் நகரில் சிகிச்சை பெற்று 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து, பேச்சு தெளிவில்லாமலே முதலமைச்சராக உட்கார்ந்தார். நமக்கு அமெரிக்கா இல்லை, ஆனால் உடற்பயிற்சிச் சிகிச்சை அரசாங்க மருத்துவமனையிலேயே உண்டு. முதல் சில மாதங்களில் செய்கிற பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். அந்த மாதங்களை உருவிவிடுவதிலேயே கழித்துவிடுகிறார்கள் என்பதுதான் வேதனை.

தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. கை விழுந்தால் சம்பளம் போகும், பல இடங்களில் வீடும் போகும். ஆகவே சொக்சோவின் இயலாமைத் திட்டத்தை எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இதற்கு வேலை நேரத்தில் விழுந்திருக்க வேண்டும் என்பதில்லை, வீட்டில் விழுந்தாலும் சேரும். 60 வயதுக்குள் இருந்து, வழக்கமாகச் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை என்று மருத்துவ வாரியம் ஒப்புக்கொண்டு, சந்தாக் கணக்கும் போதுமானதாக இருந்தால், சராசரிச் சம்பளத்தில் பாதி முதல் 65 விழுக்காடு வரை மாதாமாதம் கிடைக்கும். விண்ணப்பத்துக்கு முந்திய 40 மாதத்தில் 24 மாதம் சந்தா கட்டியிருந்தால் முழு உரிமை. இந்த 40 மாதக் கணக்கு முக்கியம். உருவிவிட்டுக்கொண்டும் கோயில் கோயிலாகப் போய்க்கொண்டும் இரண்டு வருஷத்தைத் தள்ளினால், அத்தனை காலம் கட்டிய சந்தா கைக்கு வராமல் போகலாம். ஊழியர் சேமநிதியிலும் இயலாமைக்காகப் பணம் எடுக்க வழி உண்டு. வாசலில் உட்கார்ந்திருந்தவரின் மனைவியிடம் கேட்டேன். பாரம் வீட்டில்தான் இருக்கிறது, இன்னும் நிரப்பவில்லை. மகன் தாப்பாவிலிருந்து வந்ததும் நிரப்புவதாகச் சொன்னார். அன்றைக்கே உட்கார்ந்து நிரப்பிவிட்டுத்தான் எழுந்தோம்.

திரும்பும்போது அக்கா வாசலில் கிளினிக் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தேதி தாண்டி ஏழு மாதம் ஆகியிருந்தது. "திட்டுவாங்களா தம்பி?" என்று கேட்டார். "திட்டினா வாங்கிக்குங்க அக்கா" என்றேன். வியாழக்கிழமை போவதாகச் சொன்னார். அன்றைக்குக் கொழுந்து நிறையவாம். "அரை நாள் போனா போவுது, அவருக்கும் சேத்து ஒரு தேதி வாங்கிட்டு வந்துடுறேன்" என்று உள்ளே கணவர் இருந்த பக்கம் கை காட்டினார். அவர் அழுத்தம் பார்த்தே ஐந்து வருஷம் ஆகிறதாம்.